நாய்க்குக் கட்டிய நடைவண்டி

நாய்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் போன நாய்களுக்கு இப்போது அளவெடுத்து, அலுமினியத்தில் வண்டி செய்து தருகிறார்களாம். பத்திரிகையில் படம் போட்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் என்ன நல்ல மனசு என்றார்கள். நான் பாலக்கரையில் அப்படி ஒரு வண்டி செய்தபோது நயா பைசா வந்த புதிது. என்னை யாரும் நல்ல மனசு என்று சொல்லவில்லை. எனக்கு நல்ல மனசு இருந்ததாலும் அதைச் செய்யவில்லை. எதிர்வீட்டுக்காரி அந்த நாயைக் கொல்லச் சொன்னாள். அவள் சொன்னதைச் செய்யக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

எங்கள் வீடு ஒடுக்கமாக நீண்டு கிடக்கும். தெருக்கதவு, கூடம், அதற்குப் பின்னால் ஒரு நடை, நடையின் கடைசியில் கொல்லைக்குப் போகும் நிலைப்படி. நடைக்குப் பக்கவாட்டில் சமையலறை. நடையில் எப்போதும் இருட்டு. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. உச்சி வேளையில் மட்டும் அதன் வழியாக ஒரு கட்டம் வெயில் தரையில் விழும்.

அந்த வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கும்போது வருவான். என்னை என் புருஷன் கல்யாணமாகி இரண்டாம் வருடம் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஆடி மாதத்துக்குப் போய்விட்டு வா என்றான். ஐந்து ஆடி போய்விட்டது, கூப்பிட வரவில்லை. சும்மா உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது என்று கல் பட்டை தீட்டக் கற்றுக்கொண்டேன். நகைக்குப் பதிக்கிற செயற்கைக் கல். கல்லைக் குச்சியின் நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, இடது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வலது கையால் அதில் பிடிக்க வேண்டும். சக்கரம் ஆடக் கூடாது. முனகவும் கூடாது. முனகினால் எங்கோ உராய்கிறது, பட்டை கோணலாகிவிடும். சத்தம் வந்தால் எண்ணெய் விடு. எங்கள் வேலையில் முதல் பாடம் அதுதான். கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை. ஒன்றேகால் வயது. அதற்கு நடைவண்டி வாங்க எல்லோருமாக ஸ்ரீரங்கம் போனோம். வைகுண்ட ஏகாதசிக்குப் போட்ட கடை. மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, எல்லா நடைவண்டியும் போலத்தான். ஆனால் கடைசல்காரன் பின்சக்கரம் ஒன்றில் துளையை நடுவில் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டான். அதனால் மற்ற வண்டிகள் கடகடவென்று போகும்போது எங்கள் வண்டி மட்டும் காய்ந்த அச்சில் இடறி இடறி டக்... டடக், டக்... டடக் என்று நொண்டும். எனக்கு அதைக் கேட்டால் பல் கூசும். எண்ணெய் விடட்டுமா என்று கேட்டேன். அண்ணி, "வேணாம், விடு. அது எங்க இருக்குன்னு தெரியுதில்ல" என்றாள். சமையல் செய்துகொண்டே காதால் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். கூடத்தில் கிளம்பும், நடை வழியாக வரும், கொல்லை நிலைப்படியில் சக்கரம் இரண்டு முறை முட்டும். அதோடு சத்தம் நிற்கும். யாராவது போய் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிற வரை குழந்தை அழாமல் காத்துக்கொண்டு நிற்கும். வண்டிக்குப் பின்னால் தெருநாய் ஒன்றும் நிற்கும். செவலை நிறம். யாரும் வளர்க்காமல் தானாக வளர்ந்தது. குழந்தை கையில் இருக்கும் முறுக்குக்காக வரும்.

பங்குனியில் குழந்தைக்குப் பேதி கண்டது. மூன்றே நாள். சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள். ஆற்றோரத்து இடுகாட்டில் புதைத்து, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக் கல்லை வைத்துவிட்டு வந்தார்கள். முள் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நாய் தோண்டாமல் இருக்க.

அன்றைக்குக் காணாமல் போன செவலை நாய் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தெருமுனையிலிருந்து ஊர்ந்து வந்தது. முன்கால் இரண்டையும் ஊன்றி இழுக்கிறது. பின்பாதி துணிமூட்டை மாதிரி தரையில் வருகிறது. எந்த வண்டி ஏறியது, எங்கே ஏறியது, பார்த்தவர் யாருமில்லை. மூக்கிலும் முன்கால் நகத்திலும் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். "ரெண்டு நாளா எங்க போயிருந்துச்சுன்னு நெனைக்கிறே?" என்று என்னிடம் கேட்டாள். குரலைத் தாழ்த்துகிற மாதிரி தாழ்த்தி, உள்ளே படுத்திருக்கும் அண்ணிக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க போயிருந்தா உங்களுக்கென்ன?"

"ஏம்மா, மணலைப் பாரேன். ஆத்து மணல். முனிசிபாலிட்டி நாய்வண்டி நாளைக்கு வருது, புடிச்சுக் குடுத்துரு. இது வீட்டுக்கு ஆகாது."

நான் அன்றைக்கே ஆற்றுக்குப் போய்ப் பார்த்தேன். முள் போட்டபடி இருந்தது. கல்லும் அப்படியே இருந்தது. ஆனால் சுற்றிலும் மணல் வட்டமாக அழுந்தியிருந்தது, ஏதோ ஒன்று வெகுநேரம் படுத்துக் கிடந்த மாதிரி. அங்கிருந்து ரோடு வரைக்கும் உடம்பை இழுத்துப் போன தேய்ப்பு அகலமாகப் பதிந்திருந்தது. திரும்பி வந்து எதிர்வீட்டுக்காரியிடம் முள் நகரவில்லை என்று சொன்னேன். தேய்ப்பைப் பற்றிச் சொல்லவில்லை. "நாய்க்கு முள்ளு ஒரு கணக்கா?" என்றாள். அவள் முகத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொய்யா மரத்தடியில் போட்டேன்.

கொல்லைச் சுவரோரம் நடைவண்டி கிடந்தது. அதை யார் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்கள். காலி நடைவண்டியும் அப்படித்தான். தள்ளக் கூடாது, அடுப்பில் வைக்கக் கூடாது, போன குழந்தையின் வண்டியை வேறு குழந்தைக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். காவிரியில் விடலாம். அம்மா விடச் சொன்னாள். அண்ணன் நாளைக்கு நாளைக்கு என்றான். அண்ணி கூடத்து மூலையில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. கஞ்சியை ஊற்றினால் இரண்டு மடக்கு. அதற்கு மேல் வாயின் ஓரத்தில் வழிந்துவிடும். முப்பது நாளில் வளையல் முழங்கைக்கு மேலே ஏறியது.

வெட்டினரி டாக்டர் நாயின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்டு போய்விட்டது, ஊசி போட்டுவிடலாம் என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்றார். வலி இல்லை என்றால் ஏன் சாக வேண்டும்? திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஜட்காக்காரன் நாயை ஏற்ற மாட்டேன் என்றதால் நடந்தே வந்தேன். அந்தக் கோபத்தில்தான் நடைவண்டியின் பின் அச்சைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினேன். இரண்டு சக்கரம், ஓர் அச்சு. அதற்கு மேல் எனக்கு எந்த நினைப்பும் இல்லை.

முதலில் செய்தது சரியாக வரவில்லை. ஒரு பலகையில் சக்கரத்தைப் பொருத்தி, நாயின் பின்பாதியைப் பலகைமேல் வைத்துக் கட்டினேன். அது இரண்டடி போய்க் கவிழ்ந்தது. பலகை உராய்ந்து தொடையில் புண். பிறகு யோசித்தேன். பாரத்தைச் சுமக்கக் கூடாது, தொங்கவிட வேண்டும். அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்து, நாயின் இடுப்பை நிற்கிற உயரத்துக்குத் தூக்கச் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினான். தரையிலிருந்து இடுப்பு வரை ஒரு கயிறு, தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கயிறு, அகலத்துக்கு ஒரு கயிறு, மூன்றிலும் முடிச்சுப் போட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூங்கில். அவற்றின் பின்நுனி அச்சில், முன்நுனி தோளில். மார்புக்குக் குறுக்கே செருப்பு தைப்பவரிடம் வாங்கிய தோல் வார். இடுப்பைத் தாங்க என் பழைய புடவையை நாலாக மடித்து ஒரு தூளி, கால் போக இரண்டு ஓட்டை, ஒன்றுக்குப் போக இடம். சக்கரம் இடுப்புக்கு நேர் கீழே வர வேண்டும். பின்னால் தள்ளினால் முதுகு வளைகிறது. உயரம் ஒரு விரல் கூடினால் பாரம் முழுக்க முன்காலில் விழுகிறது, ஒரு விரல் குறைந்தால் பாதம் தேய்கிறது. ஆறு தடவை கட்டி அவிழ்த்தேன். நாய் ஒரு தடவைதான் கடித்தது.

ஏழாவது தடவை கட்டியபோது உச்சி வேளை. அம்மா சமையலறையில் இருந்தாள். நாயைத் தூக்கிக் கூடத்தில் நிறுத்தி வண்டியைப் பூட்டினேன். அது என்னைப் பார்த்தது. பிறகு ஓரடி வைத்தது.

டக்... டடக்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை சத்தத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அளவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நாய் நடைக்குள் நுழைந்தது. டக்... டடக். டக்... டடக். சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. நான் நாயைப் பிடிக்க ஓடினேன். அதற்குள் அது நடையைக் கடந்து கொல்லை நிலைப்படியில் முட்டியது. இரண்டு முறை. பிறகு தூக்கிவிட ஆள் வேண்டும் என்று அப்படியே நின்றது.

பாயிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. முப்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"யாராவது தூக்கி விடுங்களேன். எவ்வளவு நேரம் நிக்கும்?"

நான் தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். "பசிக்குது" என்றாள். அம்மா தட்டில் பருப்புச் சாதம் வைத்தாள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அண்ணி முழுத் தட்டையும் சாப்பிட்டாள்.

மறுநாள் உச்சி வேளைக்கு அண்ணி தானாகவே சமையலறையில் போய் உட்கார்ந்தாள். நடைக்கு முதுகு, அடுப்புக்கு முகம். தட்டில் சோறு இருந்தது, கை வைக்கவில்லை. எனக்குப் புரிந்தது. நாயைப் பூட்டினேன். சத்தம் கூடத்தில் கிளம்பியதும் முதல் கவளம். நடையில் வரும்போது, "மெதுவா, மெதுவா" என்றாள். நிலைப்படியில் முட்டியதும், "வந்துட்டியா" என்றாள். நாயை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் அதே நாய் வண்டி இல்லாமல் அவள் காலடியில் கிடந்தால், எட்டிப் போ என்று தள்ளுவாள்.

இப்படியே பதினைந்து நாள் நடந்தது. அண்ணியின் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. உடம்பு தேறுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேனா? பயந்தேன். வெயில் நடுக்கூரையில் நிற்கும்போது அந்த இருட்டு நடையில் அந்தச் சத்தமும், அதற்குப் பதில் சொல்கிற அண்ணியின் குரலும். கல்லைப் பிடித்தபடி கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், சக்கரத்தைச் சுற்ற மறந்துவிடும். நாயும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. கூடத்தில் குழந்தை வழக்கமாக நின்ற இடத்தில் நிற்கும். கண்ணாடி ஓட்டு வெயில் விழுகிற கட்டத்துக்கு வந்ததும், குழந்தை அதைக் கையால் தொடக் குனியுமே, அங்கே அதுவும் ஒரு நிமிஷம் நிற்கும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சத்தம் தெருவுக்கும் கேட்டது. எதிர்வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். "போனது நாய்க்குள்ள வந்திருக்கு. ரெண்டு நாள் அங்க கிடந்துச்சே, அப்பவே." குழந்தை வைத்திருந்தவர்கள் உச்சி வேளையில் எங்கள் வாசலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி கால் வராத தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நாய் நடந்த இடத்து மண்ணைக் கேட்டாள். போடி என்று கதவைச் சாத்தினேன்.

அம்மா மண்ணெல்லாம் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கணக்கு. ஒரு நாள் கல்லை வெளிச்சத்தில் சோதிக்க நான் வாசலுக்கு வந்தபோது அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்திக்கு லெட்டர் போட்டாச்சு. அமாவாசைக்கு வராரு. கூட்டிட்டுப் போயி குணசீலத்துல ஒரு மண்டலம் வெச்சிருக்கட்டும்."

"நல்லாதானம்மா இருக்கா. சாப்பிடுறா."

"யாரு கூடப் பேசிக்கிட்டுச் சாப்பிடுறா? அதைச் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "தென்னூர்ல ஒரு பொண்ணு இருக்கு. இப்போ இல்ல, பின்னாடி பாப்போம்" என்றாள்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அவன் எப்போதும் அப்படித்தான். என்னை என் புருஷன் கொண்டுவந்து விட்ட அன்றும் இப்படித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

குணசீலம் நல்ல இடம்தான். புத்தி தடுமாறியவர்களைப் பெருமாள் சன்னிதியில் நாற்பத்தெட்டு நாள் வைத்திருப்பார்கள். தெளிந்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கோயிலைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டைச் சொல்கிறேன். ஜீயபுரத்தில் அண்ணியின் அப்பாவுக்கு வாழைத் தோட்டம். அங்கிருந்து பரிசலில் ஏறினால் அக்கரையில் குணசீலம். போகிறவளைத் திரும்பக் கூப்பிட இங்கிருந்து ஒருவரும் போக மாட்டார்கள். ஆடிக்குப் போய்விட்டு வா என்று என்னை அனுப்பியதும் இதுவும் ஒன்றுதான். அண்ணி போனால் தென்னூர்க்காரி வருவாள், அவள் எனக்கு இந்த வீட்டில் இடம் வைக்க மாட்டாள் என்றும் நினைத்தேன். மறைப்பானேன்.

ஆக, அண்ணி பேசுவதை நிறுத்த வேண்டும். அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. சத்தம் நின்றால் பேச்சு நிற்கும், பேச்சு நின்றால் அவள் சரியாகிவிட்டாள் என்று அவள் அப்பா திரும்பிப் போய்விடுவார். இப்படி யோசித்தேன். சக்கரம் சத்தம் போட்டால் என்ன செய்வது என்று என் கைக்குத் தெரியும். காலையில் இரண்டு துளையிலும் விளக்கெண்ணெயை ஊற்றினேன். ஊற ஊற ஊற்றினேன். போதாதென்று சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்துக்கு மேலே பட்டையாகப் போட்டேன். தரையில் உருட்டிப் பார்த்தேன். பூனை நடக்கிற மாதிரி போனது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

உச்சி வேளை. அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் கூடத்தில் கிளம்பி, நடையில் வந்து, வெயில் கட்டத்தில் நின்று, நிலைப்படிக்குப் போனது. ஒரு சத்தமும் இல்லை. அண்ணியின் கை சோற்றில் இருந்தது. இருந்தபடியே இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். முதல் தடவையாக நாயையும் வண்டியையும் நேராகப் பார்த்தாள். பிறகு என்னை.

"என்ன பண்ணினே?"

"எண்ணெய் விட்டேன் அண்ணி."

"யாரு விடச் சொன்னா?"

"உங்களுக்காகத்தான். நீங்க அதுகிட்ட பேசுறீங்க. அம்மா லெட்டர் போட்டிருக்காங்க, உங்க அப்பா வராரு, குணசீலத்துக்கு..."

"அது நாய்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" சத்தம் போடாமல்தான் கேட்டாள். "கண்ணு இல்லையா எனக்கு? நாய்தான். வண்டி பாப்பாவோடது. பாப்பா இல்ல. எல்லாம் தெரியும். அந்தச் சத்தம் கேட்டா சோறு உள்ள போகுது. அவ்வளவுதான் எனக்கு வேணும். அதையும் எடுத்துட்டே."

தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் பாயில் படுத்தாள். சுவரைப் பார்த்து.

அன்றிலிருந்து தண்ணீர் மட்டும். நான் டியூபைப் பிய்த்து எறிந்தேன். துளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சீயக்காய் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் சக்கரத்தை முக்கினேன். வெயிலில் காயவைத்தேன். மரம் குடித்த எண்ணெயை மரம் திருப்பித் தராது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும்தான். மாட்டி உருட்டினால் ஒரு வழுக்கல், அவ்வளவுதான். நாலு நாள் இதே வேலை. கல் தீட்டவில்லை. அம்மா, "நாய்க்கு இவ்வளவு பண்றே, மனுஷிக்குப் பண்ணலாமில்ல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லரக்குக் குச்சியை இரண்டாக உடைத்தேன்.

அமாவாசை அன்று அண்ணியின் அப்பா காலை பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு வாழைத்தார். வரும்போதே அவர் மகளின் துணியைக் கட்டச் சொல்லிவிட்டார். "வாம்மா தாயி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டார். அண்ணி எழுந்தாள், முகம் கழுவினாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். தலை என் கையில் தேங்காய் மாதிரி கனத்தது, கழுத்தில் பிடிப்பில்லை. காதருகே, "அண்ணி, ஒரு வாய் சாப்பிடுங்க. சாப்பிட்டீங்கன்னா விட்டுட்டுப் போயிடுவாரு" என்றேன். "இறங்கலையே" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ஏற்பாடு. கூடத்தில் அண்ணியின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இலை போட்டிருந்தது. இருவரும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் அண்ணி, வழக்கமான இடத்தில், நடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் முன்னால் தட்டு. அம்மா மோர்ச் செம்போடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் கொல்லை நிலைப்படிக்கு வெளியே நின்றேன். அழுகை வந்தால் யாரும் பார்க்கக் கூடாது என்று.

நான் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்பதைச் சரியாகச் சொல்கிறேன். எனக்குப் பின்னால் துவைக்கிற கல். அதன்மேல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அச்சு சுவரில் சாய்ந்திருந்தது. மூங்கில் இரண்டும் தரையில். நாய் கொய்யா மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியது. எனக்கு முன்னால் நடை. காலி. வெயில் கட்டம் விழுந்திருந்தது.

டக்... டடக்.

கூடத்தின் ஓரத்தில் கிளம்பியது. நான் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தேன். இருந்தது, இரண்டும். நாய் காதை மட்டும் விடைத்தது, கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி நடையைப் பார்த்தேன். டக்... டடக். டக்... டடக். அம்மா செம்போடு நடையின் நடுவில் நின்றிருந்தாள். வருகிற சத்தத்துக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். செம்பிலிருந்து மோர் தரையில் சிந்தியது. அவள் கண் தரையில் மெல்ல நகர்ந்தது, ஏதோ போகிறதைப் பார்ப்பது போல. பிறகு என்னைத் தாண்டித் துவைக்கிற கல்லைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த சக்கரங்களைப் பார்த்தாள்.

கூடத்திலிருந்து அண்ணியின் அப்பா கேட்டார். "என்னய்யா சத்தம்?"

அண்ணன், "நாய்தான், மாமா. காலு வராது. என் தங்கச்சி வண்டி கட்டி விட்டிருக்கு" என்றான்.

"இதானா?" அவர் சிரித்தார். "இதையா பேயி பிசாசுன்னு எழுதி என்னைக் கூப்பிட்டீங்க? அட போங்கய்யா. ஏம்மா, நாய்தானே அது?"

கேள்வி எனக்கு. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். சத்தம் வெயில் கட்டத்தில் ஒரு நிமிஷம் நின்றது.

"ஆமாங்க. நாய்தான்" என்றேன்.

"இலைப் பக்கம் வராம பாத்துக்க."

டக்... டடக். நிலைப்படிக்கு வந்தது. அந்தப் பக்கம் இரண்டு முறை முட்டியது. என் காலுக்கு எதிரில், ஒரு முழத்தில். அங்கே ஒன்றுமில்லை. சமையலறையில் தட்டில் விரல் உராய்கிற சத்தம் கேட்டது. அண்ணி சோறு பிசைகிறாள். பிசைந்தவள் நிறுத்தினாள். காத்திருக்கிறாள்.

பேய், ஆவி என்று யாராவது சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்புகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் நான் குனிந்தேன். இரண்டு கையையும் நீட்டினேன். தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். கனம் இருந்ததா என்றால், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

"வந்துட்டியா" என்று அண்ணி சொல்லவில்லை. சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு கேட்டாள். அவள் அப்பா கை கழுவ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதானே திங்கிறா" என்றார். அம்மாவிடம் திரும்பி, "சம்பந்தி, பிள்ளை போன துக்கம். நாளாகும். இதுக்குப் போயி மண்டலம் கிண்டலம்னு" என்றார். கட்டி வைத்த துணி மூட்டையை அம்மாவே அவிழ்த்து மடித்து வைத்தாள். தென்னூர்ப் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நடையில் சிந்திய மோரை அவள் துடைக்கவும் இல்லை, என்னைத் துடைக்க விடவும் இல்லை. தானாகக் காய்ந்தது.

அந்தச் சத்தம் பிறகு வரவில்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டி நாயை விட்டேன். அது வழுக்கிக்கொண்டு போய்வந்தது, இன்னும் மூன்று வருடம் இருந்தது. அண்ணி சத்தமில்லாமலே சாப்பிடப் பழகிக்கொண்டாள். முதலில் பாதித் தட்டு, பிறகு முழுத் தட்டு.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குப் பையன் பிறந்தான். அவன் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி வாங்க அண்ணியும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். கடையில் இருந்த ஒவ்வொரு வண்டியையும் அவள் தரையில் உருட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். எல்லாம் கடகடவென்று ஒழுங்காகப் போயின. கடைக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வண்டி வாங்குறீங்களா, பாட்டுக் கேக்குறீங்களா?" என்றான். அண்ணி சிரித்தாள். ஒன்றும் வாங்கவில்லை. அவன் சுவரைப் பிடிச்சே நடக்கட்டும் என்றாள்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அப்பா வந்தப்ப, அந்தச் சத்தத்தைத் திரும்ப எப்படி வரவழைச்சே? எண்ணெயை எதைப் போட்டு எடுத்தே?"

இத்தனை வருடமும் நான் செய்தேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், என்னிடம் சொல்லாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் அவள் மடியில் தூங்கினான். பஸ் பாலத்தைத் தாண்டியது.

"சாம்பல் போட்டுத் தேச்சேன் அண்ணி" என்றேன்.